கோவொர்க்கிங் நிறுவனம் எப்படி வளர்கிறது, எங்கே இடறுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவொர்க்கிங், அதாவது பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் அலுவலக இடத்தைச் சில்லறையாக வாடகைக்கு விடும் தொழிலில் இறங்க நினைப்பவர்கள், அதில் பணம் போட நினைப்பவர்கள், தங்கள் கட்டடத்தை அத்தகைய நிறுவனத்துக்கு வாடகைக்கு விட யோசிப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இத்தொழிலில் ஒரு நிறுவனம் வளர்ந்துவிட்டது என்று சொல்லும்போது பெரும்பாலும் கிளைகளின் எண்ணிக்கையைத்தான் சொல்கிறார்கள். அந்த எண்ணிக்கை எதையெல்லாம் மறைக்கிறது என்பதைப் பற்றியே கீழுள்ள பதில்களில் பலவும் பேசுகின்றன.

கோவொர்க்கிங் நிறுவனம் எதை விற்கிறது?

பார்வைக்கு மேசை, நாற்காலி, இணைய இணைப்பு, கூட்ட அறை, காபி. கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் தெரிவது வேறு: அது காலத்தை விற்கிறது. கட்டட உரிமையாளரிடமிருந்து பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு என்று மொத்தமாக எடுத்த இடத்தை, ஆண்டுக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் சில சமயம் நாள்கணக்கிலும் சில்லறையாகப் பிரித்துக் கொடுக்கிறது. மொத்த விலைக்கு வாங்கிச் சில்லறை விலைக்கு விற்கும் எந்த வியாபாரத்துக்கும் இதற்கும் இதுவரை வேறுபாடு இல்லை. ஆனால் மளிகை வியாபாரி இன்று விற்காத பருப்பை நாளை விற்கலாம். இன்று காலியாகக் கிடந்த நாற்காலியின் இன்றைய வாடகை போனது போனதுதான்.

வாடிக்கையாளர் அதிக விலை கொடுக்கச் சம்மதிப்பதற்கும் இதே காலம்தான் காரணம். சொந்தமாக அலுவலகம் எடுத்தால் முன்பணம், உள்ளமைப்பு (தடுப்புச் சுவர், மேசை நாற்காலி போன்றவை), மின்சாரம், பாதுகாப்பு, துப்புரவு என்று ஒவ்வொன்றையும் ஏற்பாடு செய்து, சில ஆண்டுகளுக்காவது கட்டுப்பட வேண்டும். அடுத்த ஆண்டு எட்டுப் பேராக இருப்போமா எண்பது பேராக இருப்போமா என்று தெரியாத நிறுவனத்துக்கு அந்தக் கட்டுப்பாடு பெரும் சுமை. அந்தச் சுமையைத் தன் தோளில் வாங்கிக்கொள்வதற்கான கூலியைத்தான் கோவொர்க்கிங் நிறுவனம் இருக்கைக் கட்டணத்தில் சேர்த்து வாங்குகிறது.

இந்தத் தொழில் எப்போது தொடங்கியது?

இன்றைய பொருளில் கோவொர்க்கிங் என்ற பெயரோடு அறியப்படும் முதல் இடத்தை பிராட் நியூபர்க் என்ற மென்பொருளாளர் 2005 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கினார். வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே அது இயங்கியது. முதல் மாதம் ஒருவர்கூட வரவில்லை. தனியாக வேலை செய்யும் சுதந்திரமும் சேர்ந்து வேலை செய்யும் தோழமையும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம்.

ஆனால் சில்லறையாக அலுவலகம் விற்கும் வணிகம் இதைவிட மூத்தது. மார்க் டிக்சன் 1989இல் பிரஸ்ஸல்ஸில் ரீஜஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். வெளியூரிலிருந்து வரும் வணிகர்கள் உட்கார்ந்து வேலை செய்ய இடமின்றி ஓட்டல்களில் தங்கி அல்லாடுவதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்லப்படுகிறது. இன்றுள்ள பெரிய நிறுவனங்கள் பேசுவது நியூபர்க்கின் மொழி, நடத்துவது டிக்சனின் வியாபாரம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பின்னால் வரும் பல செய்திகள் எளிதில் விளங்கும்.

ஒரு கிளை எப்போது லாபத்துக்கு வரும்?

இதற்கு ஒரு கற்பனைக் கணக்கு உதவும். ஒரு கிளையின் எல்லா இருக்கைகளும் முழு விலைக்கு நிரம்பினால் மாத வருவாய் 100 என்று வைத்துக்கொள்வோம். கட்டட வாடகை 45. மின்சாரம், இணையம், ஊழியர், துப்புரவு, பராமரிப்பு எல்லாம் சேர்ந்து 25. தடுப்புச் சுவர், குளிர்சாதனம், மேசை நாற்காலி ஆகியவற்றுக்குப் போட்ட பணத்தை அவற்றின் ஆயுள் முழுவதற்கும் பரப்பினால் மாதத்துக்கு 12. ஆக மொத்தச் செலவு 82. நூறு இருக்கைகளில் 82 நிரம்பிய பிறகுதான் முதல் காசு மிஞ்சும்.

இப்போது விற்பனைப் பிரிவு வந்து, போட்டி அதிகமாக இருக்கிறது, சராசரியாகப் பத்து விழுக்காடு தள்ளுபடி கொடுத்துவிடலாம் என்கிறது. முழுக் கிளையும் நிரம்பினாலும் வருவாய் 90தான், செலவு குறையவில்லை. லாப எல்லை 82இலிருந்து 91 விழுக்காட்டுக்கு ஏறிவிடுகிறது. எப்போதும் சிலர் வெளியேறிக்கொண்டும் சிலர் வந்துகொண்டும் இருக்கும் ஒரு கிளையை 91 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பி வைத்திருப்பது மிகக் கடினம். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும் ஒரு தள்ளுபடி, பிழைக்கும் கிளையைப் பிழைக்காத கிளையாக மாற்றிவிடுகிறது.

அடுத்தது, நிரம்புவதற்கு ஆகும் காலம். முதல் மாதம் 20 விழுக்காடு நிரம்பி, பிறகு மாதந்தோறும் ஆறு விழுக்காடு கூடினால் பன்னிரண்டாம் மாதம் 86ஐத் தொடும். இது மோசமான வேகமல்ல. ஆனால் அந்த ஆண்டின் மொத்த வருவாய் 636, செலவு 984, பள்ளம் 348. அதன் பிறகு கிளை 88 விழுக்காட்டில் நிலைத்தால் மாதம் 6 மிஞ்சும். அப்படியானால் முதல் ஆண்டின் பள்ளத்தை மூட மட்டும் இன்னும் 58 மாதங்கள் தேவை. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள்.

கட்டட உரிமையாளர் முதல் நான்கு மாதம் வாடகை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தால் படம் மாறுகிறது. பள்ளம் 168ஆகச் சுருங்குகிறது. மூடுவதற்கு 28 மாதம் போதும். வாடகையில்லாக் காலத்துக்காக நிறுவனங்கள் ஏன் இவ்வளவு பிடிவாதமாகப் பேரம் பேசுகின்றன என்பதற்கு இந்தக் கணக்கே விடை. ஓரிரண்டு மாதம் கூடுதலாகக் கிடைப்பது, வாடகையில் சில விழுக்காடு குறைவதைவிடப் புதிய கிளைக்கு மதிப்பு மிக்கதாக இருக்கக்கூடும்.

ஒரே சமயத்தில் எத்தனை புதிய கிளைகள் திறக்கலாம்?

மேலேயுள்ள கணக்கையே நீட்டிப் பார்க்கலாம். முதிர்ந்த கிளை ஒன்று ஆண்டுக்கு 72 ஈட்டுகிறது. வாடகைச் சலுகை இல்லாத புதிய கிளை ஒன்று முதல் ஆண்டில் 348ஐ விழுங்குகிறது. நான்கு முதிர்ந்த கிளைகள் சேர்ந்து சம்பாதித்தாலும் 288தான். ஒரு குழந்தையைத் தாங்க ஐந்து பெரியவர்கள் உழைக்க வேண்டியிருக்கிறது. நான்கு மாதச் சலுகை கிடைத்தால் மூன்று பேர் போதும்.

ஆண்டுதோறும் கிளைகளை இரட்டிப்பாக்கும் நிறுவனத்தில் ஒவ்வொரு பெரியவருக்கும் ஒரு குழந்தை. அந்த நிறுவனம் தன் சம்பாத்தியத்தில் வளர்வது கணக்குப்படி இயலாது. வெளியிலிருந்து பணம் வந்துகொண்டே இருந்தால்தான் நிற்கும். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் பணம் கொடுப்பவர் நிறுத்திய மாதமே வளர்ச்சியும் நின்றுவிடும் என்பதையும், நின்றபோது கையில் இருப்பது பாதி நிரம்பிய கிளைகளும் முழு வாடகை ஒப்பந்தங்களும்தான் என்பதையும் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

வீவொர்க் நிறுவனத்துக்கு என்னதான் நடந்தது?

ஆடம் நியூமன், மிகேல் மெக்கெல்வி இருவரும் 2008இல் புரூக்ளினில் கிரீன் டெஸ்க் என்ற பகிர்வு அலுவலகத்தை நடத்தினார்கள்; அதை விற்றுவிட்டு 2010இல் நியூயார்க்கில் வீவொர்க்கைத் தொடங்கினார்கள். ஜப்பானின் சாஃப்ட்பேங்க் என்ற முதலீட்டு நிறுவனம் 2017 முதல் பெருந்தொகைகளைப் போட்டது. 2019 ஜனவரியில் நிறுவனத்தின் மதிப்பு 4700 கோடி டாலர் என்று கணிக்கப்பட்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் பங்கு வெளியீட்டுக்கான ஆவணம் பொதுவெளிக்கு வந்தது. 2018இல் வருவாய் ஏறத்தாழ 180 கோடி டாலர், நட்டம் ஏறத்தாழ 190 கோடி டாலர் என்று அதில் இருந்தது. அனைவரும் பேசியது இந்த நட்டத்தைத்தான். அதைவிடக் கவனமாகப் படித்திருக்க வேண்டிய எண்கள் வேறு இரண்டு. எதிர்காலத்தில் கட்டட உரிமையாளர்களுக்குக் கொடுக்க வேண்டிய குத்தகைப் பணம் ஏறத்தாழ 4700 கோடி டாலர். வாடிக்கையாளர்களிடமிருந்து ஒப்பந்தப்படி உறுதியாக வரவேண்டியது ஏறத்தாழ 400 கோடி டாலர். நிறுவனத்தின் மதிப்பும் அதன் குத்தகைச் சுமையும் ஒரே எண்ணாக அமைந்தது தற்செயல்தான், ஆனாலும் அதைப் பார்த்தவர்களுக்கு ஒரு நிமிடம் மூச்சு நின்றிருக்கும்.

நிறுவனரின் தனி அதிகாரம், நிறுவனருக்கே சொந்தமான கட்டடங்களை நிறுவனம் வாடகைக்கு எடுத்தது, பெயருரிமைக்காக நிறுவனரோடு தொடர்புடைய அமைப்புக்கு 59 லட்சம் டாலர் கொடுத்தது (பின்னர் அது திருப்பித் தரப்பட்டது) போன்ற செய்திகள் முதலீட்டாளர்களின் நம்பிக்கையைக் குலைத்தன. செப்டம்பரில் நியூமன் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். பங்கு வெளியீடு திரும்பப் பெறப்பட்டது. அக்டோபரில் சாஃப்ட்பேங்க் மீட்புப் பணத்தோடு வந்தபோது மதிப்பு ஏறத்தாழ 800 கோடி டாலராகச் சுருங்கியிருந்தது. 2021 அக்டோபரில் வேறொரு வழியில் பங்குச் சந்தைக்குள் நுழைந்த நிறுவனம், 2023 நவம்பரில் கடன் கொடுத்தவர்களிடமிருந்து நீதிமன்றத்தின் திவால் பாதுகாப்புக் கோரியது. ஏராளமான குத்தகைகளை ரத்து செய்தும் திருத்தியும், 400 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனைத் துடைத்தும், 2024 ஜூனில் அதிலிருந்து வெளியே வந்தது.

இந்தக் கதையை ஒரு மனிதரின் ஆடம்பரக் கதையாகச் சொல்வது சுவையாக இருக்கும். ஆனால் நியூமன் போனபிறகும் நிறுவனம் நான்கு ஆண்டுகள் தள்ளாடித்தான் திவாலுக்குப் போனது. எந்த மேலாளர் வந்தாலும் 2018இலும் 2019இலும் கையெழுத்திட்ட குத்தகைகள் அப்படியேதான் இருந்தன.

பெருந்தொற்று வந்ததால்தானே இவையெல்லாம் நடந்தன?

பெருந்தொற்று காரணங்களில் ஒன்று. முதல் காரணம் அல்ல. இதே விபத்து இதே தொழிலில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. ரீஜஸ் 2000இல் லண்டன் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. இணைய நிறுவனங்களின் குமிழி உடைந்ததும் அதன் வாடிக்கையாளர்கள் காணாமல் போனார்கள். நீண்ட குத்தகைகள் காணாமல் போகவில்லை. 2003 ஜனவரியில் அதன் அமெரிக்கப் பிரிவு திவால் பாதுகாப்புக் கோரியது. அப்போது எந்தத் தொற்றும் இல்லை.

குறுகிய கால வருவாயை வைத்துக்கொண்டு நீண்ட காலக் கடமையைத் தாங்கும் அமைப்பு, பொருளாதாரம் நன்றாக இருக்கும்வரை லாபம் தரும். சரிவு வரும்போது முதலில் வெளியேறுபவர் மாதக்கணக்கில் இருப்பவர். வங்கித் தொழிலுக்கும் இதே நோய் உண்டு என்பதால்தான் அதற்குக் காப்பு நிதி, மத்திய வங்கி என்று பல அணைகள் கட்டப்பட்டிருக்கின்றன. கோவொர்க்கிங்குக்கு அப்படி எதுவும் இல்லை.

அப்படியானால் ரீஜஸ் எப்படிப் பிழைத்தது?

அடி வாங்கியவுடன் பாடம் படித்ததால் என்று சுருக்கமாகச் சொல்லலாம். குத்தகைகளைத் தாய் நிறுவனத்தின் பெயரில் எடுக்காமல் தனித்தனித் துணை நிறுவனங்களின் பெயரில் எடுப்பது, கட்டட உரிமையாளரோடு வருவாயைப் பகிர்ந்துகொள்வது, பெயரையும் நடைமுறையையும் மட்டும் கொடுத்துப் பிறர் முதலீட்டில் கிளை திறப்பது ஆகிய வழிகளுக்கு அது படிப்படியாக மாறியது. 2016இல் ஐடபிள்யூஜி என்ற குழுமப் பெயரை ஏற்றது. 2019இல் தன் ஜப்பான் வணிகத்தை டிகேபி என்ற உள்நாட்டு நிறுவனத்துக்கு 32 கோடி பவுண்டுக்கு விற்று, பெயரை மட்டும் அங்கே நீடிக்கவிட்டது. பளபளப்பு குறைவு, தூக்கம் அதிகம்.

துணை நிறுவனத்தின் பெயரில் குத்தகை எடுப்பதில் ஒரு கசப்பான பக்கமும் உண்டு. கிளை தோற்றால் அந்தத் துணை நிறுவனத்தைக் கைவிட்டுவிடலாம். நட்டம் கட்டட உரிமையாளர் தலையில் விழும். ஆகவே இப்போது விவரமறிந்த உரிமையாளர்கள் தாய் நிறுவனத்தின் உத்தரவாதத்தையோ வங்கி உத்தரவாதத்தையோ கேட்காமல் சாவியைக் கொடுப்பதில்லை.

குத்தகைக்குப் பதிலாக மேலாண்மை ஒப்பந்தம் என்கிறார்களே, அது என்ன?

ஓட்டல் தொழிலில் நெடுங்காலமாக உள்ள முறை இது. கட்டடமும் உள்ளமைப்புச் செலவும் உரிமையாளருடையவை. நடத்துபவர் பெயரையும் ஆட்களையும் விற்பனையையும் கொண்டுவந்து, வருவாயில் ஒரு பங்கையோ கட்டணத்தையோ பெறுகிறார். அமெரிக்காவின் இண்டஸ்ட்ரியஸ் நிறுவனம் இந்த வழியில்தான் தன் வளர்ச்சியின் பெரும்பகுதியை அமைத்துக்கொண்டது. சொத்துச் சேவை நிறுவனமான சிபிஆர்இ முதலில் அதில் பங்கு வாங்கி, 2025 ஜனவரியில் முழுவதையும் வாங்குவதாக அறிவித்தது.

நல்ல காலத்தில் இந்த முறையில் லாபம் குறைவு. முழுக் கிளையும் நிரம்பி வழியும்போது பக்கத்துக் கட்டடத்தில் குத்தகைக்கு எடுத்தவர் அள்ளுவதைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியிருக்கும். மேலும், எந்தச் செலவு யாருடையது, அனுமதி கேட்காமல் விலையைக் குறைக்கும் உரிமை யாருக்கு என்பவற்றை ஒப்பந்தத்தில் வரிவரியாக எழுதாவிட்டால் இரண்டாம் ஆண்டிலேயே சண்டை தொடங்கும். இத்தனை இருந்தும், சொந்தப் பணம் குறைவாக உள்ள நிறுவனம் மூன்றாவது நான்காவது கிளைக்குப் போகும்போது இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பெரிய நிறுவனம் ஒன்று வந்து முழுத் தளத்தையும் கேட்கிறது. கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் அந்தத் தளம் அந்த நாளிலிருந்து கோவொர்க்கிங் அல்ல என்பதை ஒப்புக்கொண்டு கொடுக்க வேண்டும். நானூறு பேரை ஒரே கையெழுத்தில் நிரப்புவது விற்பனைப் பிரிவுக்குப் பெரிய நிம்மதி. ஒப்பந்தமும் மாதக்கணக்கில் இல்லாமல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு இருக்கும் என்பதால், மேலே சொன்ன கால இடைவெளியும் ஓரளவு குறைகிறது. பதிலுக்கு இருக்கை விலை குறைவு. அவர்களுக்கென்றே தனி வாசல், தனி இணையத் தடம், தங்கள் நிறத்தில் சுவர் என்று உள்ளமைப்புச் செலவு அதிகம்.

பெரிய ஆபத்து வெளியேறும் நாளில் இருக்கிறது. சிறு உறுப்பினர் நானூறு பேர் ஒரே மாதத்தில் போக மாட்டார்கள். பெரிய நிறுவனத்தின் தலைமையகத்தில் எடுக்கும் ஒரு முடிவு ஒரு தளத்தையே காலி செய்துவிடும். ஒரு வாடிக்கையாளருக்காகத் தனியாக உள்ளமைப்பு செய்தால், அதன் செலவு முழுவதும் அவர்கள் வெளியேறவே முடியாத காலத்துக்குள், அதாவது லாக்-இன் காலத்துக்குள், திரும்பி வந்துவிட வேண்டும். லாக்-இன் 24 மாதம், செலவு திரும்ப 40 மாதம் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் சூதாடுகிறார்.

உறுப்பினர்கள் ஏன் வெளியேறுகிறார்கள்? முன்கூட்டியே தெரியுமா?

வெளியேறும் படிவத்தில் பெரும்பாலானோர் கட்டணம் என்றே எழுதுவார்கள், ஏனென்றால் அதுதான் யாரையும் புண்படுத்தாத காரணம். கிளையில் நடமாடும் மேலாளருக்கு வேறு காரணங்கள் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஆறு பேர் அமரும் கேபின். திங்கட்கிழமை காலை பத்தரை மணி. இரண்டு நாற்காலிகள் சுவரோரம் தள்ளப்பட்டு, அவற்றின் மேல் அட்டைப் பெட்டிகள். ஒரு மேசையில் இருந்த இரண்டாவது திரை காணவில்லை. அது நின்ற இடத்தில் தூசு படியாத சதுரம் மட்டும் இருக்கிறது. கண்ணாடிச் சுவரில் மார்க்கரால் எழுதிய வேலைப் பட்டியல் மூன்று வாரமாக மாறவில்லை. இந்தக் குழு இன்னும் அறிவிப்புக் கடிதம் கொடுக்கவில்லை. ஆனால் மனத்தளவில் போய்விட்டது. இந்த வாரமே பேசி, ஆறு பேர் கேபினிலிருந்து நால்வர் கேபினுக்கு மாற்றிக் கொடுத்தால் தங்கிவிடக்கூடும். அடுத்த மாதம் கடிதம் வந்தபிறகு பேசினால் பயனில்லை.

வெளியேற்றத்துக்கு அடிக்கடி காரணமாகும் இன்னொன்று சத்தம். கேபின்களின் தடுப்புச் சுவரை மேல்தளம்வரை எழுப்பாமல் ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்திவிட்டால், பக்கத்து அறையின் சம்பளப் பேச்சு சீலிங்குக்கு மேலே ஏறி இந்தப் பக்கம் இறங்கும். திறப்பு விழாவன்று இது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அன்று பக்கத்து அறையில் ஆள் இல்லை. கிளை எழுபது விழுக்காடு நிரம்பியபின் தெரியவரும். அப்போது சரிசெய்ய வேண்டுமானால் குடியிருப்பவர்களை எழுப்ப வேண்டும். ஃபோன் பூத் போதாமல் மாடிப்படியில் நின்று வாடிக்கையாளரோடு பேசும் உறுப்பினரும் இதே வகைதான். உள்ளமைப்பில் மிச்சம் பிடித்த தொகை, வெளியேற்றத்தின் வழியாகத் திரும்பப் போய்விடுகிறது.

சமூகம், குடும்பம் என்றெல்லாம் விளம்பரம் செய்கிறார்களே, அதற்கு வணிக மதிப்பு உண்டா?

உண்டு, ஆனால் விளம்பரம் சொல்லும் இடத்தில் இல்லை. வாரக் கடைசிக் கொண்டாட்டங்களுக்காக யாரும் கட்டணம் கட்டுவதில்லை. ஒரு உறுப்பினர் இன்னொரு உறுப்பினருக்கு வேலை கொடுத்திருக்கிறார், கணக்காளர் எதிர் மேசையிலேயே கிடைத்திருக்கிறார் என்றால், அவர் வெளியேறுமுன் இரண்டு முறை யோசிப்பார். அந்த யோசனை சராசரியாகத் தங்கும் காலத்தை ஓரிரு மாதம் நீட்டித்தாலே, புதிய உறுப்பினரைத் தேடத் தரகருக்குக் கொடுக்கும் தொகை மிச்சம்.

2018இல் கடன் திரட்டியபோது வீவொர்க் சமூகம் சார்ந்து திருத்திய லாபம் என்று பொருள்படும் ஓர் அளவுகோலை அறிமுகப்படுத்தி, சந்தைப்படுத்தல், நிர்வாகம், வளர்ச்சி போன்ற செலவுகளை விலக்கிக் கணக்குக் காட்டியது. நிதி உலகில் அது நகைப்புக்கு இடமானது. சமூகம் என்ற சொல்லுக்கு அதைவிட மோசமான பயன்பாடு அமைந்ததில்லை.

மென்பொருள் நிறுவனத்தைப் போல இதுவும் வளர முடியாதா?

முடியாது. மென்பொருளின் அடுத்த வாடிக்கையாளருக்கு ஏறத்தாழச் செலவே இல்லை. இங்கே அடுத்த நூறு வாடிக்கையாளருக்கு இன்னொரு தளம் வேண்டும். முன்பதிவுச் செயலி, கதவு திறக்கும் அட்டை, தானியங்கிப் பில் ஆகியவை ஊழியர் செலவைக் குறைக்கும், வாடகையைக் குறைக்காது.

இரண்டாவது கிளையை எங்கே திறப்பது?

முதல் கிளைக்கு நடந்து போகும் தூரத்தில் அல்லது சிறிது தொலைவில், அதே ஊரில். பலர் இதைக் கேட்டு ஏமாற்றமடைவார்கள். வேறு நகரத்தின் பெயர் பலகையில் ஏறினால் நிறுவனம் பெரிதாகத் தெரியும் என்பது ஆசை. ஆனால் அருகருகே இரண்டு கிளை இருந்தால், முதல் கிளையில் இடமின்றித் திரும்பிப் போனவர்கள் இரண்டாவதை முதல் மாதத்திலேயே நிரப்பத் தொடங்குவார்கள். வளரும் குழு வெளியேறாமல் பக்கத்துக் கிளைக்கு மாறும். மின்பணியாளர், விற்பனையாளர், மேலாளர் இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம். மேலே சொன்ன கணக்கில் தொடக்க மாதத்து 20 விழுக்காடு 40 ஆகி, அதே வேகத்தில் ஏறி 88இல் நிலைத்தால், பள்ளம் எவ்வளவு சுருங்கும் என்பதை வாசகரே போட்டுப் பார்க்கலாம்.

கட்டடத்தைப் பார்க்கப் போகும்போது வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வரக்கூடாது. மாலை ஆறு மணிக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் மையக் குளிர்சாதனம் ஓடுமா, ஓடினால் மணிக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். இரவில் வேலை செய்யும் உறுப்பினர்கள் இரண்டு குழு வந்தாலே அந்த ஒரு வரி செலவைப் புரட்டிப் போட்டுவிடும். மின்தூக்கிகள் எத்தனை என்றும் கேட்க வேண்டும். ஒரு தளத்தில் சாதாரண அலுவலகத்தைவிட அதிகம் பேரை உட்காரவைக்கும் தொழில் இது.

முதலீடு செய்யுமுன் எந்த எண்களைக் கேட்க வேண்டும்?

மொத்த நிரம்பல் விகிதத்தை யாரும் சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்பதில் பெரிய பயனில்லை. திறந்து 18 மாதம் கடந்த கிளைகளின் நிரம்பலையும் புதிய கிளைகளின் நிரம்பலையும் தனித்தனியே கேட்க வேண்டும். விலைப்பட்டியலில் உள்ள கட்டணத்துக்கும் கையில் வரும் சராசரிக் கட்டணத்துக்கும் உள்ள இடைவெளியைக் கேட்க வேண்டும். மூன்று மாதம் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்று சேர்ந்தவர்களும் நிரம்பல் எண்ணில் முழு ஆளாகவே இருப்பார்கள். பிறகு, மீதமுள்ள குத்தகைக் கடமையையும் உறுதியான வருவாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். 2019 முதல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற கணக்கியல் விதி பெரும்பாலான குத்தகைகளை இருப்புநிலைக் குறிப்பிலேயே கடனாகக் காட்டச் சொல்வதால், இதை மறைப்பது முன்பைவிடக் கடினம்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்க நேரம் இருக்கிறது என்றால், உறுப்பினர்களின் முன்பணம் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். வெளியேறும் நாளில் திருப்பித் தரவேண்டிய அந்தப் பணத்தை அடுத்த கிளையின் உள்ளமைப்புக்குச் செலவழித்த நிறுவனம், உறுப்பினர்கள் அதிகமாக வெளியேறும் மாதத்தில், அதாவது பணம் மிகவும் தேவைப்படும் மாதத்தில், இரட்டை அடி வாங்கும்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் வழக்கம் இந்தத் தொழிலைக் கொன்றுவிடாதா?

2020இல் அப்படித்தான் தோன்றியது. இதே தொழிலில் இருந்த நாட்டெல் என்ற அமெரிக்க நிறுவனம் 2021 ஜனவரி இறுதியில் திவாலானது. ஆனால் அதே மாற்றம் பெரிய நிறுவனங்களைத் தங்கள் நீண்ட குத்தகைகளை மறுபரிசீலனை செய்ய வைத்தது. வாரத்தில் மூன்று நாள் மட்டுமே ஆள் வரும் அலுவலகத்துக்குப் பத்து ஆண்டுக் கையெழுத்துப் போட யாரும் விரும்பவில்லை. தேவை கூடியிருக்கிறது, அதோடு செவ்வாய் முதல் வியாழன்வரை கூட்ட அறைக்கு அடிதடி, வெள்ளிக்கிழமை வெறிச்சோடிய தளம் என்ற புதிய சிக்கலும் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமையை நிரப்பத் தெரிந்தவர் இன்னும் வரவில்லை.

ஒரு கிளையை எப்போது மூட வேண்டும்?

திறப்பதற்கு முன்பே இதற்கான விடையை எழுதி வைத்துவிட வேண்டும், ஏனென்றால் திறந்த பிறகு யாருக்கும் மனம் வராது. குத்தகையில் மூன்றாம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ நிறுவனம் மட்டும் விலகிக்கொள்ளும் உரிமை இருந்தால், அந்தத் தேதிக்கு ஓராண்டு முன்பே கிளையின் எண்களைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். அறிவிப்புக் காலம் பெரும்பாலும் ஆறு மாதம். தேதியைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு குத்தகை முடிவில்தான்.

மூடுவது என்று முடிவானால் உறுப்பினர்களுக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே சொல்லி, பக்கத்துக் கிளையில் அதே கட்டணத்துக்கு இடம் காட்டி, மாறுவதற்கான வண்டிச் செலவையும் நிறுவனமே ஏற்பது நல்லது. மேசை நாற்காலிகளை அடுத்த கிளைக்கு எடுத்துச் செல்லலாம். தடுப்புச் சுவரையும் தரைவிரிப்பையும் எடுத்துச் செல்ல முடியாது; குத்தகையில் இடத்தைப் பழைய நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தால், அவற்றை இடிப்பதற்கும் பணம் கொடுக்க வேண்டும். அந்தத் தொகையைக் கிளை திறக்கும் நாளிலேயே கணக்கில் ஒதுக்கிவைத்த நிறுவனங்கள் மிகக் குறைவு.